கோடை விருந்தும் நம் வீட்டு அடுப்பும்

(முஹல்லா குடும்பங்களின் ஏப்ரல் மாதக் கூட்டத்தில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



பள்ளிக்கூடப் பரீட்சைகள் முடிகின்றன. சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் நம் பிள்ளைகள் குடும்பத்தோடு ஊர் வருவார்கள். துபாயிலும் சவூதியிலும் வேலை பார்ப்பவர்களில் பலர் இந்த நாட்களைப் பார்த்துத்தான் விடுப்பு எடுக்கிறார்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் முதல் வாரம் வரை நமதூரில் விருந்து நடக்காத தெரு கிடையாது. புதுமாப்பிள்ளை விருந்து, சம்பந்தி விருந்து, பேரப்பிள்ளைகள் வந்ததற்கு ஒரு விருந்து, அவர்கள் திரும்பிப் போவதற்கு ஒரு விருந்து. அல்ஹம்துலில்லாஹ், உறவைச் சேர்ந்து வாழ்வதில் நம் மக்கள் குறை வைப்பதில்லை. ஆனால் கத்திரி வெயிலும் சரியாக இதே நாட்களில்தான் வருகிறது. இவ்வாண்டு பிறையைப் பொறுத்து ஹஜ்ஜுப் பெருநாளும் மே கடைசி வாரத்தில், அந்த வெயிலுக்குள்ளேயே அமைகிறது. அதனால்தான் இந்த மாதக் கூட்டத்தில் வேறு எதையும் எடுக்காமல், சோறு, தண்ணீர், அடுப்பு என்று வீட்டு விஷயத்தையே பேச வந்திருக்கிறோம்.

சென்ற மே மாதம் நம் முஹல்லாவில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். முப்பது பேருக்குப் பகல் விருந்து. நெய்ச்சோறு, ஆட்டுக்கறி, கோழி வறுவல், தால்ச்சா, கத்திரிக்காய்ப் பச்சடி, இரண்டு வகை இனிப்பு. காலை எட்டு மணியிலிருந்து அந்தச் சகோதரி அடுப்படியில் நின்றார். மேலே வெயில் குடித்த தளம், கீழே மூன்று அடுப்பு. விசிறியைப் போட்டால் கேஸ் அணைகிறது என்று அதையும் நிறுத்திவிட்டார்கள். விருந்தாளி வரும் நேரத்தில் முகம் கழுவக்கூட அவகாசம் இல்லை. பன்னிரண்டரை மணிக்குத் தலை சுற்றுகிறது என்று சொன்னார், அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். உடலில் நீர் வற்றிவிட்டது, இன்னும் கொஞ்சம் நேரம் நின்றிருந்தால் நிலைமை வேறு என்று டாக்டர் சொன்னார். அல்லாஹ் காப்பாற்றினான். வீட்டில் விருந்து நடந்து முடிந்தது. சமைத்தவர் அன்று ஒரு பிடி சோறு சாப்பிடவில்லை.

இதில் யாரையும் குறை சொல்ல நாம் வரவில்லை. இப்படித்தான் விருந்து வைப்பது என்று நாம் எல்லோரும் பழகியிருக்கிறோம். ஆனால் வெயில் முன்போல் இல்லை. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர்களில் ஒன்றாகவே அறிவித்துவிட்டது. புயலுக்கும் வெள்ளத்துக்கும் ஒதுங்குகிற நாம், வெயிலுக்கு மட்டும் ஒதுங்குவதில்லை.

மார்க்கம் இதில் நமக்கு என்ன வழி காட்டியிருக்கிறது என்று பாருங்கள். வெப்பம் கடுமையாக இருக்கும்போது லுஹர் தொழுகையைச் சூடு தணியும் வரை பிற்படுத்தித் தொழும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுக் கொடுத்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கும் செய்தி இது. மதரஸாவில் ஓதிய எல்லோருக்கும் தெரியும். நேரம் குறிக்கப்பட்ட ஃபர்ளான தொழுகையையே, அதன் நேரத்துக்குள், வெயிலுக்காகத் தள்ளி வைக்க அனுமதி உண்டு. நம் வீட்டு விருந்தை ஒரு மணிக்கே வைத்தாக வேண்டும் என்று எந்தக் கிதாபில் இருக்கிறது?

ஆகவே நாம் முதலில் கேட்டுக்கொள்வது நேரத்தை மாற்றுங்கள் என்பதுதான். ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் பகல் விருந்தை விட்டுவிடுவோம். அஸர் தொழுதுவிட்டு, ஐந்து மணிக்கு மேல் கூடுவோம். வெயில் சாயும், கடல்காற்று வரும். கடற்கரையோ, தோப்போ, மொட்டை மாடியோ, எங்கே வசதியோ அங்கே பாய் விரித்து உட்காரலாம். மஃரிபை அங்கேயே ஜமாஅத்தாகத் தொழுதுவிட்டுச் சாப்பிடலாம். இஷாவுக்கு முன் வீடு திரும்பிவிடலாம். மாடியில் கூடுவதானால் ஒரு விஷயம்: பகல் முழுவதும் சூடேறிய தளம் மஃரிபுக்குப் பிறகும் கொதிக்கும். ஐந்து மணிக்கே இரண்டு வாளித் தண்ணீர் தெளித்து வைத்தால் ஏழு மணிக்கு உட்கார முடியும். தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள வீட்டில் இதையும் செய்யச் சொல்ல மாட்டோம். வாசலே போதும்.

அடுத்தது சட்டிகளின் எண்ணிக்கை. ஏழு வகை வைத்தால்தான் மரியாதை என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. நம் பாட்டன்மார் காலத்து விருந்து ஒரு சோறு, ஒரு கறி, ஒரு பருப்பு. அதையும் ஒரே சஹனில் மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பரக்கத் இருந்தது. தட்டுக் கழுவும் வேலையும் மூன்றில் ஒரு பங்காக இருந்தது. பெண்கள் சிரிக்கிறீர்கள், கழுவுகிறவர்களுக்குத்தான் அந்தக் கணக்கு தெரியும். வெளியில் கூடும்போது சஹன் முறைக்குத் திரும்புவதே எல்லாவற்றிலும் எளிது.

என்ன சமைக்கலாம்? பிரியாணி வேண்டாம் என்று சொன்னால் இளைஞர்கள் நம்மை மன்னிக்க மாட்டார்கள். பிரியாணி தாராளமாக வைக்கலாம், அது ஒரே சட்டிச் சமையல்தானே. அதோடு தயிர் வெங்காயம் மட்டும் போதும். தால்ச்சா, வறுவல், அவித்த முட்டை, இரண்டு இனிப்பு என்று அதன் பின்னால் வரும் ஊர்வலத்தைத்தான் நிறுத்தச் சொல்கிறோம். ஒரு கிலோ அரிசிக்கு எட்டுப் பேர் என்று கணக்கு வையுங்கள். பிள்ளைகள் அதிகம் இருந்தால் பத்துப் பேர். வெயில் காலத்தில் யாரும் வழக்கமான அளவு சாப்பிடுவதில்லை, தண்ணீரும் சர்பத்தும்தான் இறங்கும்.

அடுப்பே இல்லாமல் ஒரு மாலையை நடத்தவும் வழி இருக்கிறது. புளிச்சோற்றுக்குக் காய்ச்சலை முதல் நாளே காய்ச்சி வைத்துவிட்டால், அன்றைக்குச் சோறு வடித்துக் கிளறுவது மட்டும்தான் வேலை. மாசியைத் தேங்காய் சேர்க்காமல் மிளகாயோடு வறுத்து இடித்துக் கொண்டுபோனால் கெடாது. தயிர்ச்சோற்றைப் பால் ஊற்றிப் பிசைந்து, கொஞ்சமாகத் தயிர் விட்டு எடுத்துப் போனால் புளிக்காமல் பதமாக இருக்கும். முட்டையை ஓட்டோடு கொண்டுபோய் அங்கே உரித்துக் கொள்ளலாம். வெள்ளரிக்காய், நுங்கு, தர்பூசணி. நபி (ஸல்) அவர்கள் வெள்ளரிக்காயைப் பேரீச்சங்கனியோடு சேர்த்துச் சாப்பிட்டதாகவும், தர்பூசணியையும் அவ்வாறே சாப்பிட்டதாகவும் ஹதீஸ்களில் வருகிறது. ஒன்றின் சூட்டை மற்றொன்றின் குளிர்ச்சி தணிக்கும் என்பது அதன் கருத்து. நோன்பு மாதத்தில் வாங்கி மீந்த பேரீச்சம்பழம் எல்லார் வீட்டு டப்பாவிலும் இன்னும் இருக்கும். அதைக் கொண்டு வாருங்கள். தர்பூசணியை மட்டும் வீட்டில் வெட்டி எடுத்து வர வேண்டாம். தோலைக் கழுவி முழுப் பழமாகக் கொண்டுபோய், சாப்பிடும் நேரத்தில் அங்கே வெட்டுங்கள். இனிப்புக்கு, நோன்பில் செய்கிற அதே கடற்பாசியைக் காய்ச்சி ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டால் பிள்ளைகளுக்கு வேறு எதுவும் தேவையில்லை.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, அதைக் கவனமாகக் கேளுங்கள். வெயிலுக்குப் பயந்து ஃபஜ்ருக்குப் பிறகே எல்லாவற்றையும் சமைத்துவிடலாம் என்று தோன்றும். சமைப்பவருக்கு அது நல்லது. ஆனால் காலை ஏழு மணிக்கு இறக்கிய நெய்ச்சோறு மாலை ஏழு மணி வரை மூடியே இருந்தால் சாப்பிடுபவருக்கு அது ஆபத்து. சமைத்த சோற்றில் சாகாமல் தப்பிய கிருமி வித்துகள் வெதுவெதுப்பில் மீண்டும் பெருகும். அவை கக்கும் நஞ்சில் ஒரு வகை, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. சூடு பண்ணிவிட்டோமே, ஒன்றும் ஆகாது என்பது நம் வீடுகளில் உள்ள பெரிய தவறான நம்பிக்கை. பொதுவான விதி இதுதான்: சமைத்த உணவு சூடாக இருந்தால் 60 டிகிரிக்கு மேல், குளிராக இருந்தால் 5 டிகிரிக்குக் கீழ். இடைப்பட்ட வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வெளியில் 32 டிகிரியைத் தாண்டிய வெயிலானால் ஒரு மணி நேரம்தான். நமதூரில் மே மாதத்தில் 32 டிகிரி என்பது காலைப் பொழுதிலேயே தாண்டிவிடும்.

எனவே வேலையை இரண்டாகப் பிரித்துக் கொள்ளுங்கள். கறியை ஃபஜ்ருக்குப் பிறகு, காற்று இருக்கும்போதே சமைத்து எட்டு மணிக்குள் அடுப்பை அணைத்துவிடுங்கள். பெரிய சட்டியோடு ஆற வைத்தால் உள்சூடு போக நேரம் பிடிக்கும். அகலமான தட்டங்களில் ஊற்றி ஆற்றி, சின்னச் சின்னப் பாத்திரங்களில் ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். கிளம்பும் முன் தளதளவென்று கொதிக்க வைத்து ஹாட்பாக்ஸில் எடுத்துக் கொள்ளுங்கள். சோற்றை மட்டும் அஸர் நேரத்தில் வடியுங்கள், ஓர் அடுப்பு, அரை மணி நேரம். தேங்காய்ப்பால் சேர்த்த குழம்பும் தேங்காய்ச் சட்னியும் இந்த மூன்று மாதம் வெளியே போக வேண்டாம், அவை நம் கண்ணெதிரேயே ஊசிப்போகும். கடையில் வாங்கும் மயோனைஸும் வேண்டாம். பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் தமிழக அரசு ஓராண்டுத் தடை விதித்தது உங்களுக்கு நினைவிருக்கும். தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும், வெயிலில் பச்சை முட்டை அப்படித்தான் கெடும்.

மீதம் வந்த சோற்றை என்ன செய்வது என்ற கேள்வி எப்போதும் வரும். வீண்விரயம் ஹராம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இரவு ஒன்பது மணிக்குப் பாதி கெட்ட சோற்றைக் கட்டி ஏழை வீட்டுக்கு அனுப்புவது ஸதகாவில் சேராது. கொடுக்க நினைப்பதைச் சாப்பிட உட்காரும் முன்பே தனியாக எடுத்து, சூட்டோடு அனுப்பிவிடுங்கள். முதலிலேயே அளவோடு சமைத்தால் இந்தக் கேள்வியே பாதி குறைந்துவிடும்.

இனி தண்ணீர். இருபது பேர் கூடும் இடத்துக்கு இருபது லிட்டர் கேன் ஒன்று குடிக்க மட்டும் வேண்டும். ஒளூவுக்கும் கை கழுவவும் வேறு குடம். இரண்டையும் ஒன்றாக்கினால் மஃரிபுக்குப் பிறகு குடிக்கத் தண்ணீர் இராது. மீன் வியாபாரிகளிடம் தெர்மாகோல் பெட்டி மலிவாகக் கிடைக்கும். நன்றாகக் கழுவிக் காயவைத்துப் பயன்படுத்தலாம். ஆனால் மீனுக்குப் போடும் ஐஸ் குடிதண்ணீரில் செய்ததாக இருக்காது. அதைப் பாட்டிலுக்கு வெளியே அடுக்குங்கள், சர்பத்துக்குள் போடாதீர்கள். மோர், நன்னாரி சர்பத், எலுமிச்சைச் சாறு எதுவானாலும் ஒரு சிட்டிகை உப்பு சேருங்கள். கலர் சோடா தாகத்தைத் தீர்ப்பதுபோல் இருக்கும், அவ்வளவுதான்.

தண்ணீரைப் பற்றிப் பேசும்போது, மேடையில் யாரும் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். கடற்கரைக்கு வரும் நம் பெண்கள் பலர் மதியத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார்கள். ஏன்? அங்கே ஒதுங்க இடமில்லை. வெட்கத்தால் தாகத்தை அடக்குகிறார்கள். சர்க்கரை நோய் உள்ள தாய்மார்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது எவ்வளவு கெடுதல் என்று விளக்க வேண்டியதில்லை. இடத்தைத் தேர்வு செய்யும் ஆண்கள் காற்றையும் பைக் நிறுத்தும் இடத்தையும் மட்டும் பார்க்காமல், பக்கத்தில் கழிப்பறை உள்ள உறவினர் வீடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அந்த இடம் வேண்டாம், வீட்டு முற்றத்திலேயே கூடுவோம். உடை விஷயத்திலும் ஒரு சொல். மறைக்க வேண்டியதை மறைக்கச் சொன்ன மார்க்கம், துணி கறுப்பாகவோ கனமாகவோ இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. வெளிர் நிறத்தில் தளர்வான பருத்தித் துணியில் தைத்துப் போடுவதை யாரும் குறை பேச வேண்டாம்.

வெயில் தாக்கினால் என்ன செய்வது என்பது வீட்டில் பெரிய பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். தலைவலி, மயக்கம், வாந்தி என்று சொன்னவுடன் நிழலில் படுக்க வைத்து, உடையைத் தளர்த்தி, ஈரத் துணியால் துடைத்து விசிற வேண்டும். நினைவு தெளிவாக இருந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு மாறக் கூடாது. பேச்சு குழறினாலோ, உடல் அனலாகக் கொதித்தாலோ, நினைவு தப்பினாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடலில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.

இவ்வளவையும் சொன்ன பிறகு, சமைப்பது யார் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. கல்யாண வீட்டில் ஐந்நூறு பேருக்கு ஆக்கும் பண்டாரி ஆண்தான். அங்கே ஆணுக்குக் கை வருகிறது, வீட்டு அடுப்படியில் மட்டும் வருவதில்லை. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் உதவியாக இருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்னதாகப் புகாரியில் வருகிறது. வெங்காயம் உரிப்பது, கறி கழுவுவது, கேன் தூக்குவது, பாய் விரிப்பது, கடைசியில் சட்டி கழுவுவது ஆகியவற்றை ஆண்களும் பெரிய பையன்களும் எடுத்துக் கொள்ளட்டும். விடுப்பில் வந்தவர் களைத்திருப்பார் என்பார்கள். வளைகுடாவில் அறையில் தானே சமைத்துச் சாப்பிடுகிறவர் அவர், நம் எல்லோரையும்விட நன்றாகவே சமைப்பார்.

விருந்து எளிமையானால் இன்னொரு கதவும் திறக்கிறது. எங்கள் அலுவலகத்துக்கு உதவி கேட்டு வரும் குடும்பங்களோடு பேசும்போது ஒரு செய்தி திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது. உறவுக்காரர் விருந்துக்குக் கூப்பிட்டால் உடம்பு சரியில்லை என்று சொல்லித் தவிர்த்துவிடுகிறார்கள். போனால் திரும்ப அழைக்க வேண்டும், ஏழு வகைக்கு எங்கே போவது? கணவரை இழந்த ஒரு சகோதரி, தன் பிள்ளைகள் மாமா வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடி இரண்டு வருடம் ஆகிறது என்றார். ஒரே தெருவில் இருக்கிறார்கள்! வசதி படைத்தவர்கள் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் வலீமா உணவை ஹதீஸ் எவ்வளவு கடுமையாகச் சொல்கிறது என்பதை நாம் அறிவோம். இங்கே யாரும் அவர்களை அழைக்காமல் இல்லை. நம் சட்டிகளின் எண்ணிக்கைதான் அவர்களை வெளியே நிறுத்துகிறது. புளிச்சோறும் மாசியும் மோரும்தான் விருந்து என்று வசதியுள்ள வீடு முதலில் வைத்துக் காட்டட்டும். அப்போது அந்தச் சகோதரியும் அடுத்த வாரம் தன் வாசலில் பாய் விரித்து உங்களைக் கூப்பிடுவார். கூப்பிட்டால் அவசியம் போய்ச் சாப்பிட்டு வாருங்கள்.

குர்பானியைப் பற்றிச் சுருக்கமாக. பெருநாள் தொழுகை முடிந்ததும் தாமதிக்காமல் அறுத்து, பங்கிட்டு, லுஹருக்குள் இறைச்சி வீடுகளுக்குப் போய்ச் சேர வேண்டும். பெரிய மூட்டையாகக் கட்டி வைத்தால் நடுவில் சூடு தங்கிக் கெட்டுப்போகும், சிறு பங்குகளாகப் பிரித்துக் காற்றுப் பட வையுங்கள். ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளின் பட்டியல் எங்களிடம் இருக்கிறது. அந்த வீடுகளுக்குத்தான் முதல் வண்டி போகும். ஐந்து வீட்டிலிருந்து ஒரே நாளில் ஐந்து கிலோ வந்தால் அவர்களால் என்ன செய்ய முடியும்? முடிந்தவர்கள் தங்கள் பங்கை இரண்டாம், மூன்றாம் நாள் அறுத்துக் கொடுங்கள். அய்யாமுத் தஷ்ரீக் நாட்களில் அனுமதி இருக்கிறது.

சாப்பிட்ட இடத்தைச் சுத்தமாக விட்டு வருவதை இந்த ஊரில் சொல்லித்தர வேண்டுமா என்று நினைப்போம். சென்ற விடுமுறையில் கடற்கரையைப் பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். மக்கள் ஒதுங்கும் நிழலை அசுத்தம் செய்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டும் கப்பும் 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. சஹனும் வாழையிலையும் இருக்க அவை நமக்கு எதற்கு? எலும்பையும் தோலையும் ஒரு சாக்கில் கட்டி ஊருக்குள் குப்பை வண்டியில் சேருங்கள். மஃரிபுக்குப் பிறகு பிள்ளைகள் யாரும் கடலில் இறங்கக் கூடாது. இதற்கென்று ஒரு பெரியவரைப் பொறுப்பாக்குங்கள், அவர் போனைப் பையில் வைத்துவிட்டுப் பிள்ளைகளை மட்டும் பார்க்கட்டும்.

நம் அறக்கட்டளையின் குடும்ப ஒன்றுகூடல் இவ்வாண்டு மே இரண்டாவது சனிக்கிழமை, இன்ஷா அல்லாஹ், அஸர் முதல் இஷா வரை. பகல் உணவு கிடையாது. புளிச்சோறு, தயிர்ச்சோறு, மாசி, வெள்ளரிக்காய், தர்பூசணி, மோர், கடற்பாசி. சமையல் பொறுப்பு இளைஞர் அணிக்கு, ருசி பார்க்கும் பொறுப்பு தாய்மார்களுக்கு. பங்குப் பணம் யாரிடமும் வாங்கப் போவதில்லை. கொடுக்க விரும்புவோர் அலுவலகப் பெட்டியில் போடலாம், பெயர் எழுத வேண்டாம். தங்கள் வீட்டு விருந்துக்குப் பாய், சஹன், குழாய் வைத்த தண்ணீர் டிரம், சார்ஜ் விளக்கு தேவைப்படுவோர் மூன்று நாள் முன்னதாக அலுவலகத்தில் பதிந்து இலவசமாக எடுத்துச் செல்லலாம். சஹன்களை மறுநாள் லுஹருக்குள் கழுவிக் காயவைத்து, எண்ணிப் பார்த்துத் திருப்பித் தாருங்கள். அடுத்த வீட்டார் அதற்காகக் காத்திருப்பார்கள்.